மாநிறத் தோலுக்கு சன்ஸ்கிரீன் வேண்டுமா?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 34. வேலைக்காகத் தினமும் ஸ்கூட்டரில் 14 கிலோமீட்டர் போய் வருகிறார். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது கன்னங்களிலும் மூக்கின் மேலும் விழுந்த மங்கு மூன்று ஆண்டுகளாகியும் போகவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமை எட்டு மாதமாகப் பூசுகிறார். முதல் மாதம் முகம் பளிச்சென்று வெளுத்தது. இப்போது வெளியே போனாலே எரிகிறது, சிவக்கிறது. கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் உண்மையிலேயே தேவையா, அது வெள்ளைக்காரர்களுக்கானது இல்லையா என்று கேட்கிறார். பூசினால் வைட்டமின் டி குறைந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. வயல் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்பது கடைசிக் கேள்வி.

தோல் மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கேள்விகள் என் அறைக்கு நாள் தவறாமல் வருகின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை.

முதலில் நம் சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. வெயில் என்ற ஒரே சொல்லில் சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். சுட்டால் வெயில் கடுமை, சுடாவிட்டால் வெயில் இல்லை. ஆனால் தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் சுடுவதே இல்லை. அது படுவது நமக்குத் தெரியாது. நாம் உணரும் சூடு பெரும்பாலும் வேறு கதிர்களால் வருவது. ஊட்டிக்கு மூன்று நாள் போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றியவர்கள், ‘அங்கே வெயிலே இல்லை டாக்டர், எப்படிக் கறுத்தேன்?’ என்று கேட்டு வருவார்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடுகிறது. காற்று குளிராக இருந்ததால் அவர்கள் குடை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாதக் கணக்கும் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது. அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்று நினைக்கிறோம். மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறை. ஒன்று சித்திரை பிறந்த ஓரிரு நாளில், மற்றொன்று ஆவணியில். ஆவணியில் அடிக்கடி மேகம் போடுகிறது, காற்று வீசுகிறது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. மெல்லிய மேகமாக இருந்தால் அதைத் தாண்டி எண்பது சதவீதம் வரை புற ஊதாக் கதிர் இறங்கிவிடும்.

வானிலைச் செயலிகள் பலவற்றில் யுவி குறியீடு என்று ஒரு எண் காட்டுகிறார்கள். யுவி என்பது புற ஊதாக் கதிரின் ஆங்கிலச் சுருக்கம். வெப்பநிலையைப் பார்ப்பதுபோல் அதையும் பார்க்கப் பழகுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 3 முதல் பாதுகாப்பு தேவை. 8க்கு மேல் மிக அதிகம், 11க்கு மேல் உச்சம். நம் ஊர்களில் கோடை நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். மேகமில்லாத மார்கழி நண்பகலில்கூட 6க்குக் கீழே இறங்குவது அரிது. கையில் செல்பேசி இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது தோலைக் கெடுக்கும் வேளை.

இனி முதல் கேள்வி. வெள்ளைக்காரர்களுக்கானது என்று நீங்கள் நினைப்பதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சன்ஸ்கிரீன் பற்றிய பெரிய ஆய்வுகள் பலவும் வெள்ளைத் தோலில்தான் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் பூசியவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது. தோல் மூப்பும் மெதுவானது. வெயிலில் கொப்புளித்து, ஆண்டுக்கணக்கில் புற்றுநோய்க்கு அஞ்சும் தோல் அவர்களுடையது. நமக்கு அந்த அச்சம் மிகக் குறைவு. நம் தோலின் செல்களில் மெலனின் என்னும் கரு நிறமி, செல்லின் உட்கருவுக்கு மேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. வெயிலில் போனால் கறுக்கிறோம் என்கிறோமே, அது தோல் தன் குடையை அகல விரிப்பது. உங்கள் நிறம் ஒரு குறையே அல்ல. இந்த மண்ணில் நம் முன்னோர் உயிர் பிழைத்திருக்கத் துணை நின்ற கவசம் அது.

ஆனால் அந்தக் கவசத்துக்கே ஒரு கோளாறு வருகிறது. குடையை விரிக்கும் செல்கள் ஒரு கட்டத்தில் மிகையாக வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. கர்ப்ப கால ஹார்மோன்கள், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை அவற்றை உசுப்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் அவை நிறமியைக் கொட்டுகின்றன. மங்கு என்பது அதுதான். முகப்பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்பதும், நெற்றி ஓரமும் கன்ன மேடும் முகத்தின் மற்ற இடங்களைவிடக் கறுப்பதும் இதே உறவுக்காரர்கள். வெள்ளைத் தோலில் வெயிலின் சேதம் முதலில் தோல் சுருக்கங்களாகத் தெரியும். நம் தோலில் திட்டுத் திட்டான நிற மாற்றமாக முதலில் தெரியும். ஆகவே நமக்கும் பாதுகாப்பு தேவை. அதற்கான காரணம்தான் வேறு. காரணம் வேறு என்பதால் வாங்க வேண்டிய பொருளும் சற்று வேறு.

இதற்குக் கதிர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் யுவிஏ, மீதி யுவிபி. யுவிபி தோலின் மேலடுக்கைச் சுடும். உச்சி வேளையில்தான் அதற்கு வலிமை. கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யுவிஏ ஆழமாக இறங்கும். காலையிலும் மாலையிலும்கூட ஓரளவு இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வரும். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளிவந்தது. அவர் 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பக்கம் மட்டும் தடித்து, மடிப்பு விழுந்து, வலது பக்கத்தைவிடப் பல ஆண்டுகள் மூத்துத் தெரிந்தது. அங்கே ஓட்டுநரின் ஜன்னல் இடப்பக்கம். நம் ஊரில் ஓட்டுநர்களைப் பார்த்தால் வலது கையும் வலது கன்னமும் கூடுதலாகக் கறுத்திருப்பதை நீங்களே கவனிக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் நம் தோல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும், குறிப்பாக அதன் நீலப் பகுதி, கறுத்த தோலில் நிறமியைத் தூண்டுகிறது. வெள்ளைத் தோலில் இந்த விளைவு ஏறக்குறைய இல்லை. வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், இந்த ஒளியைத் தடுக்காது. ‘ஆறு மாதமாக விடாமல் பூசுகிறேன், மங்கு அப்படியே இருக்கிறது’ என்று பலர் மனம் வெறுத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒளியைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு. மண் நிறத்தில், தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன்களில் அது இருக்கும். டியூபின் மேல் ‘டின்டட்’ என்று போட்டிருப்பார்கள். பொருள் பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். மங்கு உள்ளவர்களுக்கு நான் எழுதித் தருவது இந்த வகையைத்தான். வெள்ளையாகப் பூத்து நிற்கும் துத்தநாக ஆக்சைடு க்ரீம்களைப் பூசிக்கொண்டு சாம்பல் படிந்ததுபோல் தெரிகிறது என்று வருந்துகிறவர்களுக்கும் இது வசதி.

டியூபில் இருக்கும் எண்களைப் பற்றி. எஸ்பிஎஃப் என்பது யுவிபிக்கு மட்டுமான கணக்கு. 15 என்றால் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. ஐம்பதுக்கு மேல் எண்ணுக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். யுவிஏ தடுப்பை பிஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் சொல்லும். ஜப்பானில் வகுத்த அளவு அது. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருக்கட்டும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், பிஏ மூன்று கூட்டலுக்குக் குறையாமல், நிறம் கலந்தது. இவ்வளவு போதும். நிறுவனப் பெயர் எனக்கு ஒரு பொருட்டல்ல.

பெயரைவிட அளவு முக்கியம். சோதனைக்கூடத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்க்கிறோம், அது கால் பங்குகூட இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வேண்டும். ஒரே தடவையில் பிசுபிசுப்பாக இருந்தால் ஒரு விரல் பூசி, அது இழுத்த பின் இன்னொரு விரல் பூசுங்கள். காதும் பிடரியும் எல்லோருக்கும் மறக்கும் இடங்கள். தினம் இரண்டு வேளை இந்த அளவில் பூசினால் ஐம்பது கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டாது. உங்கள் டியூப் நான்கு மாதம் வருகிறதென்றால் நீங்கள் பூசவில்லை என்றே பொருள். இன்னொன்று, அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

ஒரு மாதத்துக்கு ஒரு டியூப் என்றால் செலவு அதிகம், எனக்குத் தெரியும். அதனால்தான் துணியையும் நிழலையும் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சன்ஸ்கிரீன், துணி மூடாத இடத்துக்கான மிச்ச வேலை. நல்ல துணி வியர்வையில் வழிந்துபோகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதில்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. மெல்லிய வெள்ளைப் பருத்தி வழியாக யுவி நன்றாகவே நுழையும், நனைந்தால் இன்னும் கூடுதலாக. வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள். கையின் உருவம் தெரிந்தால் அது போதாது. நெருக்கமான நெசவு, அடர்ந்த நிறம், கொஞ்சம் தளர்ந்த தையல் என்று இருக்க வேண்டும். கறுப்பில் சூடு கூடுதலாகத் தெரியும் என்பது உண்மைதான். கரு நீலம், அரக்கு, கரும்பச்சை நன்றாகவே தடுக்கும்.

உங்கள் ஸ்கூட்டர் பயணத்துக்கு வருகிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறீர்கள். உள்ளபடி சொன்னால் அந்த இரண்டு வேளையிலும் யுவிபி உச்சத்தில் இல்லை. ஒரு நாளின் மொத்த புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் இறங்குகிறது. ஆனால் யுவிஏவும் ஒளியும் காலையிலேயே ஏறிவிடும். சாய்ந்து வரும் வெயில் நேரே கன்னத்தில்தான் அடிக்கும், உங்கள் மங்கு இருக்கும் இடத்தில். தலைக்கவசத்தின் முன்கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகவே உறிஞ்சிக்கொள்ளும். நம்மில் பலர் காற்று வேண்டும் என்று அதை மேலே தூக்கிவிட்டு ஓட்டுகிறோம். இறக்கிவிடுங்கள், அதற்குத் தனிச் செலவு இல்லை. துப்பட்டாவை மூக்குக்கு மேல் வரை கட்டுவது நல்ல பழக்கம். மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கைக்கு முழுக்கை மேற்சட்டை. அலுவலகத்தில் ஜன்னல் ஓர இருக்கை என்றால் திரையை இழுத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே நடக்கும் பத்து நிமிடத்துக்குக் கட்டாயம் குடை. காலையில் பூசியது அதற்குள் வியர்வையில் போயிருக்கும், போகும் முன் ஒருமுறை பூசுங்கள்.

இப்போது அந்த க்ரீம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெதசோன், மோமெடசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு பெரும்பாலும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெடினாயினும் சேர்ந்திருக்கும். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பயன்படுத்த வேண்டிய கலவை இது. முதல் மாதத்தில் வெளுப்பதைப் பார்த்து மகிழ்ந்து மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் மேலே தெரியும், பரு கிளம்பும், சில பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். வெளிச்சம் பட்டாலே எரியும். இப்போது உங்களுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கொடுக்கிறார்கள். நீங்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். உங்களிடம் அதைக் கொடுத்தவர் கொடுத்திருக்கக் கூடாது. இன்றே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் முகம் கடுமையாகச் சிவந்து எரியும். ஒரு வாரத்துக்குள் தோல் மருத்துவரிடம் டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

பெயர் தெரியாத, பொருள் பட்டியல் இல்லாத சிவப்பழகு க்ரீம்களைத் தொடவே வேண்டாம். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. எலுமிச்சைச் சாற்றையும் முகத்தில் தேய்க்காதீர்கள். நம் ஊர்ச் சிறு எலுமிச்சையில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. சாறு பிழிந்த கையோடு வெயிலில் போனவர்களுக்குச் சாறு வழிந்த தடத்திலேயே கருங்கோடு விழுந்து நான் பார்த்திருக்கிறேன். கஸ்தூரி மஞ்சள், தயிர், சந்தனம் பூசுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் மாலையில் பூசுங்கள். அவை வெயிலைத் தடுக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம், தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்.

வைட்டமின் டி. இது நல்ல கேள்வி. தோலில் அந்த வைட்டமினை உண்டாக்குவது யுவிபி. அதிகாலை இளவெயிலில் நின்றால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பல மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஏழு மணி வெயிலில் யுவிபி கிட்டத்தட்ட இல்லை. உடம்புக்கு இதமாக இருக்கும், வைட்டமின் வராது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தாலும் வராது. கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிட நேரமும் கூடுதலாக வேண்டும். மங்கு இருப்பது முகத்தில்தானே. முகத்தை மூடிக்கொண்டு, பகல் பதினொரு மணிக்குப் பின் கைகளிலும் கால்களிலும் கொஞ்ச நேரம் வெயில் படவிடலாம். முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனால் மட்டும் பற்றாக்குறை வருவதில்லை. நம் நாட்டில் சன்ஸ்கிரீனே பூசாதவர்களுக்கும் இந்தப் பற்றாக்குறை பரவலாக இருக்கிறது. சந்தேகமிருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக மங்கை வளர்க்க வேண்டியதில்லை.

வெயிலை நம் எல்லோரையும்விடக் கூடுதலாக அஞ்ச வேண்டியவர்கள் சிலர் உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகளுக்கு நான் மேலே சொன்ன மெலனின் குடையே கிடையாது. அவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் மெய்யானது. முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் அவர்களுக்கு மருந்து, பள்ளிச் சீருடை விதி என்று சொல்லி யாரும் தடுக்கக் கூடாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்தத் திட்டுகள் எளிதில் பொசுங்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் நோய் உள்ளவர்களுக்கு வெயில் நோயையே கிளப்பிவிடும். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் சாப்பிடும் நாட்களில் எவருக்கும் தோல் எளிதில் சுடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

கடைசியாக உங்கள் அம்மா. அவருக்கு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்தால் பீரோவில்தான் இருக்கும். நாற்று நடும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் பூசுவது? சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வயலில் இறங்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் சொல்லிவிட முடியாது. அந்தத் துண்டின் ஒரு முனை பிடரியை மூடித் தொங்கட்டும், அது ஒன்றுதான் நான் சேர்ப்பது. முடிந்தால் களை எடுப்பதைக் காலையில் முடித்துக்கொள்ளட்டும். உப்பளத்தில், கடற்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு வெளிச்சம் தரையிலிருந்தும் எழும்பி அடிக்கும், அதற்குத் தலைத்துண்டு மட்டும் போதாது. யுவி தடுக்கும் கண்ணாடி ஒன்று வேண்டும். கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதும் கண்புரை முந்தி வருவதும் வெயிலோடு தொடர்புடையவை.

அம்மாவுக்குக் கழுத்திலும் முழங்கையின் உள்மடிப்பிலும் கண் இமையிலும் அரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வயல் வரப்பில் பார்த்தீனியம் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சிறு பூவோடு கேரட் இலைபோல் இருக்கும் அந்தக் களையின் துகள் காற்றில் வந்து படியும். நாள்பட்டால் வெயில் பட்டாலே அரிக்கும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். அதை வெயில் அலர்ஜி என்று சொல்லி வெறும் களிம்பு பூசிக்கொண்டிருக்கக் கூடாது. செடியிலிருந்து அவரை விலக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள், அவருடைய உள்ளங்கால். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் அரிதாகவே வரும். வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வரும். அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை, சன்ஸ்கிரீன் தடுக்காது. பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய இந்தப் புற்றுநோயால்தான். முள் குத்திய தழும்பு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பாதத்தில் ஒரு கரும்புள்ளி பரவிக்கொண்டே வந்தாலோ, ஓரம் ஒழுங்கற்று இருந்தாலோ, ஒரே ஒரு நகத்தில் கருங்கோடு அகன்றுகொண்டே போனாலோ தள்ளிப்போடாதீர்கள். அம்மா எப்படியும் பாதத்தைக் காட்ட மாட்டார், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்பார். இரவு அவர் கால் நீட்டி உட்காரும்போது எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் நீங்களே விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.